பழைய மேசைப்பெட்டியில் நாணயம் வைக்கலாம், மரமும் கெடாமல் காசும் கெடாமல்

நாணயம் சேர்க்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் பழைய மரச்சாமான் மேல் ஆசை வந்துவிடும். 1808-ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி இருபது காசையும் புதுக்கோட்டை அம்மன் காசையும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் போட்டு வைப்பதற்கு மனசு கேட்காது. அந்தக் காலத்துப் பெட்டியிலேயே அந்தக் காலத்துக் காசு இருக்கட்டும் என்று தோன்றும், நியாயமான ஆசைதான். ஆனால் காரைக்குடியில் ஒரு பெட்டியை வாங்கி வந்து, ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளே வெல்வெட் ஒட்டி, காசுகளை அடுக்கினால் இரண்டு மழைக்காலம் போதும். வெள்ளி கருத்துவிடும், செம்பில் களிம்பு ஏறிவிடும், பெட்டியும் பழம்பொருள் என்கிற மதிப்பை இழந்திருக்கும்.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சாமான் வெறும் கூடு. காசு அதன் மரத்தைத் தொடக் கூடாது, நாம் செய்கிற வேலை அந்த மரத்தில் ஒரு ஆணித்துளைகூட விடக் கூடாது. உள்ளே வைப்பது எல்லாம் தனியாகச் செய்து இறக்குவது, வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடக் கூடியது. கீழே சொல்வது எல்லாம் இதற்குள் அடங்கும்.

எந்தச் சாமான்

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது கல்லாப்பெட்டி. பார்க்க அழகு, அறைகள் இருக்கும், சிலதில் ரகசிய அறைகூட இருக்கும். நாணயச் சேமிப்புக்கு மட்டும் அது அவ்வளவு தோதில்லை. அதன் அறைகள் காசைக் கொட்டி அள்ளுவதற்காகச் செய்தவை, ஆழமானவை, காசு ஒன்றோடொன்று உரசும். அதிலேயே வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், உள் அறைகளைத் தொடாமல், மேல்தட்டில் மட்டும் தட்டையான இரண்டு மூன்று தட்டுகள் அடுக்கலாம். கணக்குப்பிள்ளை மேசை என்கிற சரிவு மூடி வைத்த பெட்டி இதைவிடப் பரவாயில்லை, உள்ளே தடுப்பு இல்லாத ஒரே அறை என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டுகளை அடுக்க முடியும்.

உண்மையில் தேட வேண்டியது ஆழம் குறைந்த இழுப்பறைகள் நிறைய உள்ள சாமான். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்களின் மேசை, பழைய நகைக்கடைப் பெட்டி, ஹோமியோபதி மருந்து அலமாரி எல்லாம் இந்த வகை. இழுப்பறையின் உள் உயரம் மூன்றிலிருந்து ஆறு சென்டிமீட்டர் இருந்தால் அருமை.

எனக்குப் பிடித்தது நூலக அட்டவணைப் பெட்டி. நூலகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கழித்துக்கட்டிய சாமான், அதனால் இன்னும் கிடைக்கிறது. அதில் அடுக்கி வைத்த புத்தக விவர அட்டையின் அளவு 12.5 சென்டிமீட்டருக்கு 7.5. நாம் பயன்படுத்துகிற இரண்டு அங்குல அட்டை ஹோல்டர், நடுவில் காசு தெரிய மைலார் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் வைத்தது, ஐந்து சென்டிமீட்டர் சதுரம். ஆக ஒரு இழுப்பறையில் இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், உயரத்திலும் இடிக்காது. அட்டைகளைக் கோத்து வைக்கும் நீளக் கம்பியை உருவி எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டால் போதும், வேறு எந்த மாற்றமும் தேவையில்லை. காசை அடிக்கடி எடுத்துக் காட்டும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதோடு வேலை முடிந்தது என்றே சொல்லலாம். ஒரு விஷயம், ஹோல்டரை மூட அடிக்கும் பின் இரும்பு என்றால் துருப்பிடிக்கும், பின்னின் முனையைக் குறடால் தட்டையாக நசுக்காவிட்டால் பக்கத்து ஹோல்டரில் உள்ள காசைக் கீறும்.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வது பழைய அச்சகத்து எழுத்துக் கேஸ். சின்னச் சின்னக் கட்டங்கள், காசுக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அதில் பல வருடம் கிடந்தது ஈயம் கலந்த எழுத்துகள். மூலைமுடுக்கில் ஈயத்தூள் தங்கியிருக்கும். குழந்தைகள் கை வைக்கிற வீட்டில் அது வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. நகரத்தார் வீடுகளைப் பிரித்தபோது வந்த பர்மாத் தேக்குச் சாமான்கள் அங்கே பார்க்கலாம். எங்கே வாங்கினாலும் இழுப்பறையை முழுசாக வெளியே உருவி, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் நூறு வயசு, அடிப்பலகை போன மாதம் போட்ட பிளைவுட் என்பது ரொம்ப சகஜம். விலை பேசுவதற்கு மட்டும் அல்ல, காசுக்காகவும் இதைப் பார்க்க வேண்டும். பிளைவுட், மரத்தூளைப் பசை கலந்து அழுத்திச் செய்த எம்டிஎஃப் இரண்டிலும் உள்ள பசை ஃபார்மால்டிஹைடை வெளியிடும், மூடிய இழுப்பறைக்குள் அது உலோகத்துக்கு ஆகாது.

அடுத்து மூக்கை உள்ளே விடுங்கள். புளித்த காடி வாசனை வந்தால் மரம் அசிட்டிக் அமிலம் விடுகிறது என்று அர்த்தம். பாச்சை உருண்டை வாசனை வந்தால், அது போக மாதக்கணக்காகும். புது வார்னிஷ் வாசனை வந்தால், கடைக்காரர் உள்ளேயும் அடித்துவிட்டார், அந்தச் சாமானை உடனே பயன்படுத்த முடியாது.

குண்டூசித் தலை அளவு துளைகளும் அவற்றிலிருந்து மாவு போல் உதிரும் பொடியும் இருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளை பழசா புதுசா என்று சந்தேகமாக இருந்தால், ஒரு கறுப்புத் தாளைக் கீழே விரித்துச் சில நாள் விடச் சொல்லுங்கள், பொடி விழுந்தால் வேறு பெட்டி பாருங்கள். மருந்து அடித்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் அந்த மருந்தின் ஆவி அடங்கும்வரை நாணயத்தை அருகில் கொண்டுபோக முடியாது.

மரம் ஏன் காசைக் கெடுக்கிறது

மரம் வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக அமில ஆவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் இதில் மிக மோசம். மஹோகனி சாது, அதனால்தான் இங்கிலாந்தில் நாணய அலமாரிகளை மஹோகனியில் செய்யும் வழக்கம் வந்தது. நம் தேக்கு? ஓக் அளவுக்கு இல்லை என்றாலும் முழு நல்லவன் என்று சொல்ல முடியாது. பழைய தேக்கு புதுத் தேக்கைவிடக் குறைவாகத்தான் விடும், ஆனால் குறைவு என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். அமில ஆவிக்கு முதலில் பலியாவது ஈயம், வெள்ளையாகப் பொடிந்து உருவமே போய்விடும். சாதவாகனர் ஈயக் காசு உங்களிடம் இருந்தால் அது எந்த மரப்பெட்டிக்குள்ளும் போக வேண்டாம், காற்றுப்புகா டப்பாவில் தனியாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செம்புக்கு ஈரமும் உப்பும் எதிரி. வெள்ளிக்குக் கந்தகம் எதிரி. தங்கம் எதற்கும் அசையாது, அதற்குத் திருடன் மட்டும்தான் பிரச்சினை.

அருங்காட்சியகங்களில் ஒரு பொருளைக் காட்சிப்பெட்டிக்குள் பயன்படுத்தலாமா என்று பார்க்க ஆடி சோதனை என்று ஒன்று செய்வார்கள், பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்தது. சோதிக்க வேண்டிய பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் கொஞ்சம் தண்ணீரையும் கண்ணாடிக் குடுவைக்குள் மூடி, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்து, உலோகம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. வீட்டில் இதன் சாதா வடிவத்தைச் செய்யலாம். இறுக்கமான மூடி உள்ள இரண்டு ஊறுகாய் பாட்டில்களை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், பிளாஸ்டிக் வாசனை வீசாத மூடியாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தூண்டில் ஈயக்குண்டு ஒன்று, உரித்த செம்புக் கம்பி ஒரு துண்டு, ஒரு சின்ன மூடியில் நனைத்த பஞ்சு. ஒரு பாட்டிலில் மட்டும் இழுப்பறை அடியிலிருந்து சுரண்டிய மரத்தூள். சுரண்டுவது கண்ணில் படாத இடமாக இருக்கட்டும், ஒரு சிட்டிகை போதும். இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில், ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்தால்கூடச் சரிதான், ஒரு மாதம் விடுங்கள். மரத்தூள் உள்ள பாட்டிலில் ஈயம் மற்றதைவிட வெளுத்திருந்தால் உங்கள் பெட்டியின் குணம் தெரிந்துவிட்டது. துணி, பசை, ஃபோம் எது வாங்கினாலும் இதே சோதனையைச் செய்யலாம். அந்த ஒரு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் கீழே வரும் தகட்டுத் தட்டைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

சுத்தம் செய்வது

மென்மையான பிரஷ், அப்புறம் வாக்குவம், அப்புறம் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. அவ்வளவுதான். இழுப்பறைகளை வெளியே எடுத்து, நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வெயிலில் வைத்தால் பழைய மரம் வெடிக்கும்.

இழுப்பறையின் உள்ளே பாலிஷ், வார்னிஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம். வெளியே உள்ள பழைய அரக்குப் பாலிஷைச் சுரண்டி எடுத்துப் புதுசு போல ஆக்குகிற ஆசையையும் விட்டுவிடுங்கள், அந்த மங்கின நிறத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். மரத்தோடு இருக்கும்போது தேய்க்காதீர்கள், புளிச்சாறு மரத்தில் இறங்கிக் கறையாகும், திருகைச் சுற்றிப் பச்சை பிடிக்கும். பேச்சு வந்ததால் சொல்கிறேன், காசையும் புளி, விபூதி, பல்பொடி எதிலும் தேய்க்கக் கூடாது. தேய்த்த காசு பளபளக்கும், சேகரிப்பவர்களிடம் விலை போகாது.

இழுப்பறை இறுக்கமாக ஓடினால் இழைப்புளியை எடுக்காதீர்கள். அடிச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். முக்கியமாக, இறுகுகிறதா என்று மழைக்காலத்தில் பார்க்காதீர்கள், மரம் அப்போது ஊதியிருக்கும், கோடையில் தானாக இளகிவிடும்.

தகட்டுத் தட்டும் அக்ரிலிக் பலகையும்

இழுப்பறையின் உள் நீள அகலத்தை மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள், முன்னால், நடுவில், பின்னால். பழைய சாமான் எதுவும் நேர்சதுரமாக இருக்காது. மூன்றில் சின்ன அளவை எடுத்து, அதிலிருந்தும் மூன்று மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவைத் தகரக்கடையில் கொடுத்து, மெல்லிய அலுமினியத் தகட்டில் நான்கு பக்கமும் மடித்த தட்டு ஒன்று செய்யச் சொல்லுங்கள். மரத்தின் ஆவி உலோகத் தகட்டைத் தாண்டி வராது, ஒட்ட வேண்டியதில்லை, ஆணி வேண்டியதில்லை, அப்படியே இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்துத் தரச் சொல்ல மறக்காதீர்கள்.

அதற்குள் காசுக்கான பலகை. மரத்தில் வட்டம் குடைந்து செய்வது பாரம்பரியம், ஆனால் நல்ல மஹோகனி தேடி, அளவு தப்பாமல் குடைகிற ஆசாரியைத் தேடி அலைவதைவிட, ஊருக்கு ஊர் இருக்கிற பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக்கை லேசரில் வெட்டி வாங்குவது சுலபம், அக்ரிலிக்கால் காசுக்குக் கெடுதலும் இல்லை. மேலே மூன்று மில்லிமீட்டர் தாளில் காசளவு வட்டங்கள், கீழே இரண்டு மில்லிமீட்டர் தாளில் அதே வட்டங்களின் நடுவில் எட்டு மில்லிமீட்டர் துளை. இரண்டையும் கடைக்காரர் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டித் தருகிறேன் என்பார். வேண்டாம், நான்கு மூலையிலும் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போதும். கீழே உள்ள துளை எதற்கென்றால், பலகையைத் தூக்கி அடியிலிருந்து விரலால் தள்ளினால் காசு மேலே வரும், நகத்தால் நோண்ட வேண்டியதில்லை. லேசர் வெட்டிய வாசனை போகும்வரை பலகையைக் காற்றாடப் போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வட்டத்தின் அளவு காசைவிட ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பெரிசு. பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபாய் 30.5 மில்லிமீட்டர், அதற்கு 32. 1957-இல் வந்த ஒரு நயா பைசா 16 மில்லிமீட்டர், அதற்கு 17.5. சதுரமான அலுமினிய ஐந்து பைசாவுக்கு மூலைக்கு மூலை அளந்து வட்டமாகவே வெட்டிவிடலாம். ஆற்காட்டு ரூபாய் மாதிரிக் கையால் அடித்த காசுகள் குறுகலாகவும் தடியாகவும் இருக்கும், ஒன்று போல் ஒன்று இருக்காது, அதற்கு ஐந்து மில்லிமீட்டர் தாளில் கொஞ்சம் தாராளமாக வெட்டுங்கள். ஒரே பலகையில் எல்லா அளவையும் கலக்கப் பார்க்காதீர்கள், சேகரிப்பு வளரும்போது அது காலை வாரும். அளவுக்கு ஒரு பலகை, அதிலும் கால்வாசி வட்டங்கள் காலியாக இருக்கட்டும்.

குழி வெட்டிய பலகையில் காசு உட்காருவது நமக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரில் சக்கரம் என்கிற வெள்ளிக்காசு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, கையால் எண்ண முடியாது. சக்கரப் பலகை என்று சின்னக் குழிகள் வரிசையாக வைத்த மரப்பலகையில் ஒரு கைப்பிடி காசைக் கொட்டி ஆட்டுவார்கள், குழிகள் நிரம்பினால் எண்ணிக்கை முடிந்தது. எப்போதாவது ஒரு நல்ல சக்கரப் பலகை கிடைத்தால் அதில் காசை நிரந்தரமாக வைக்காமல் தனியாகக் காட்சிக்கு வையுங்கள், அதுவே ஒரு சேகரிப்பு.

எடைக் கணக்கையும் போட்டுவிடுங்கள். முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் பலகையில் வெள்ளி ரூபாய் வரிசைக்கு ஏழாகப் பத்து வரிசை, எழுபது பிடிக்கும். ஒன்று 11.66 கிராம், ஆக மொத்தம் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அக்ரிலிக்கும் தகடும் தனி. ஒரு பலகை என்றால் பழைய இழுப்பறை தாங்கும். மூன்று பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பலகை தொங்க ஆரம்பிக்கும், அதனால் கனமான வெள்ளியை எப்போதும் கீழ் இழுப்பறைகளில் வையுங்கள். கடைசியாக மேலே ஒரு வெற்று அக்ரிலிக் தாளை மூடியாக வையுங்கள். இல்லாவிட்டால் இழுப்பறையை வேகமாகத் தள்ளும்போது அலுமினியப் பைசாக்கள் குழியைவிட்டுக் குதித்து ஊர் சுற்றும்.

துணி போட வேண்டும் என்றால் சாயம் போடாத, கஞ்சி இல்லாத, பலமுறை துவைத்த பருத்தி அல்லது பாலியெஸ்டர். கம்பளி ஃபெல்ட் வேண்டவே வேண்டாம், கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கருக்க அதைவிட நல்ல வழி இல்லை. ரப்பர் பேண்ட், ரப்பர் ஷீட் அதே கதை. ஸ்பாஞ்சு சில வருடத்தில் பொடிந்து காசில் ஒட்டும். பிவிசி உறைகள் காலப்போக்கில் செம்பில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசையும் அசிட்டிக் அமில ஆவி விடக்கூடியது. பெட்டிக்குள் பாச்சை உருண்டை, கற்பூரம், வேப்பிலை, வசம்பு எதுவும் போடாதீர்கள், துணி பீரோவுக்கான வைத்தியம் இங்கே ஒத்து வராது.

ஈரம்

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி இழுப்பறைக்குள் போடுங்கள். செம்புக்கு எவ்வளவு வறண்டிருந்தாலும் நல்லதுதான், ஆனால் பழைய மரத்தை ரொம்ப வறட்டினால் பலகை சுருங்கி வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் 40 முதல் 50 சதவீதத்தைப் பிடித்து நிறுத்தப் பாருங்கள். சிலிகா ஜெல்லை வலைப்பையில் கட்டி இழுப்பறையின் பின்மூலையில், காசைத் தொடாமல் வையுங்கள். நீலநிறம் உள்ளதைவிட ஆரஞ்சு வகை நல்லது, நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையானதும் சமையலுக்குப் பயன்படுத்தாத அவனில் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்பப் போடலாம்.

பழைய செம்புக் காசில் வெளிர்பச்சை நிறத்தில் பொடி உதிர்கிற புள்ளி தெரிந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, வெண்கல நோய். உப்பு உள்ளே போய்விட்டது, ஈரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை காசைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தக் காசை உடனே வெளியே எடுத்து, நிறைய சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில் போடுங்கள்.

பெட்டியை வெளிச்சுவர், குளியலறைச் சுவர் இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காலுக்கடியில் கல் துண்டு வைத்தால் கறையான் ஏறினாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

மற்றவை

காசின் விவரத்தைச் சீட்டில் எழுதிக் காசுக்குப் பக்கத்தில் வைக்காமல், பலகையின் எண், வரிசை எண் போட்டு, அமிலமில்லாத தாள் உள்ள தனி நோட்டில் பென்சிலால் குறியுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பழைய பூட்டை நம்பாதீர்கள், அதைத் திறக்க வளைத்த கம்பி போதும். ரகசிய அறை இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், உங்களுக்கு விற்றவருக்கும் அது தெரியும். தங்கக் காசும் விலை உயர்ந்த அபூர்வங்களும் வங்கி லாக்கரில் இருக்க, அந்தக் குழியில் அதன் படத்தை வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ பெட்டியோடு எடுத்துப்போகிறேன் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டியவை தொல்பொருள், நாணயமும் அதில் வரும், தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.

எல்லாம் தயாரான பிறகு மொத்தச் சேகரிப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். அதிகம் விலை போகாத தேய்ந்த வெள்ளிக்காசு ஒன்றையும் செம்புக் கால் அணா ஒன்றையும் துடைத்து ஒவ்வொரு இழுப்பறையிலும் போட்டு, அதே மாதிரி ஜோடி ஒன்றை வெளியே கண்ணாடி டப்பாவில் வைத்து, ஒரு மழைக்காலம் போகட்டும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட வேகமாகக் கருத்தால் தகட்டுத் தட்டில் எங்கே இடைவெளி, துணி எது, பசை எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் ரூபாய்களை இறக்க ஆரம்பிக்கலாம், கீழ் இழுப்பறையிலிருந்து.